எய்தவர் யார்? கடற்காப்பு இலக்குகளும் விடைகூறும் மொழியும்



மொழியியலைப் பயின்று, பயிற்றுவித்து, ஓய்வும் பெற்றுவிட்ட ஒருவன் கடலைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுள் சிலர்க்கு வியப்பளிக்கலாம். கடலின் உயிரியலை நான் கற்றவனல்லன். ஆயினும் கடலைப் பற்றி அரசுகள் எழுதும் வாக்கியங்களைப் படிக்கும் தகுதி எனக்கு உண்டு என நம்புகிறேன். அவ்வாக்கியங்களைப் படிக்கத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், பவளப்பாறைகளையும் கடலாமைகளையும் பற்றிய துண்டறிக்கை ஒன்றைத் தமிழில் ஆக்கித் தருமாறு தன்னார்வலர் சிலர் என்னைக் கேட்டனர். அதன் இறுதியில் அரசின் இலக்கும் இடம்பெற்றிருந்தது. “நம் கடற்பரப்பில் பத்து விழுக்காடு பாதுகாக்கப்படும்” என்று எழுதிக் கொடுத்தேன். பிழையற்ற தமிழ் என்ற நிறைவும் எனக்கு இருந்தது. பேராக் மாநிலக் கடலோரச் சிற்றூர் ஒன்றின் மண்டபத்தில் அது படிக்கப்பெற்றபோது நானும் அங்கிருந்தேன். சந்தையில் மீன் விற்றே முதுமை எய்திய அம்மையார் ஒருவர் எழுந்து, “யாருங்க ஐயா பாதுகாப்பாங்க?” என்று கேட்டார்.

அவையில் சிலர் சிரித்தனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அம்மையார் கேட்டது இலக்கணக் கேள்வி. என் வாக்கியத்தில் வினை இருந்தது, செயப்படுபொருள் எழுவாயின் இருக்கையில் அமர்ந்திருந்தது, செய்பவர் இல்லை. மூல அறிக்கையிலும் அவர் இல்லை. இல்லாத ஒருவரை மொழிபெயர்ப்பாளன் எங்கிருந்து கொண்டுவருவான்? அன்று மழுப்பலாக ஏதோ சொல்லி அமர்ந்தேன். இன்றைய உரை அந்த அம்மையார்க்கு நான் தர வேண்டியிருந்த விடையின் ஒரு பகுதி.

1. தள்ளிப்போன காலக்கெடுகள்

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1992இல் ரியோ டி ஜெனிரோ மாநாட்டில் பல்லுயிர்ப் பெருக்க உடன்படிக்கை கையெழுத்துக்கு வைக்கப்பட்டது. மலேசியா அதனை 1994இல் ஏற்று உறுதி செய்தது. 2002இல் ஜோகன்னஸ்பர்க்கில் கூடிய உலக நாடுகள், 2012ஆம் ஆண்டிற்குள் கடற்காப்புப் பகுதிகளின் வலையமைப்புகளை உருவாக்குவோம் என்றன. 2004 பிப்ரவரியில் அவ்வுடன்படிக்கையின் ஏழாவது மாநாடு நம் கோலாலம்பூரிலேயே நடந்தது. காப்புப் பகுதிகளுக்கான செயல்திட்டம் இந்நகரில்தான் ஏற்கப்பெற்றது. அதுவும் கடலுக்கு 2012 என்றே கெடு வைத்தது.

2012 வருமுன்பே அடுத்த இலக்கு வந்தது. 2010இல் ஜப்பானின் நகோயாவில் கூடிய பத்தாவது மாநாடு, அந்நகரம் அமைந்துள்ள மாநிலத்தின் பெயரால் ‘அய்ச்சி இலக்குகள்’ எனப்படும் இருபது இலக்குகளை வகுத்தது. அவற்றுள் பதினொன்றாவது, 2020க்குள் கடலோரப் பகுதிகளிலும் கடற்பகுதிகளிலும் குறைந்தது பத்து விழுக்காடு காக்கப்பட வேண்டும் என்றது. 2015இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற நீடித்த வளர்ச்சி இலக்குகளுள் பதினான்காவதும் இதே பத்து விழுக்காட்டை இதே 2020க்கு வைத்தது. மிகை மீன்பிடிப்பை நிறுத்துவதற்கும் அதே ஆண்டைத்தான் குறித்தது.

2020 வந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் உடன்படிக்கைச் செயலகம் வெளியிட்ட அறிக்கை, இருபது அய்ச்சி இலக்குகளுள் ஒன்றுகூட முழுமையாக எட்டப்படவில்லை என்றது. ஆறு மட்டும் ‘பகுதியளவில்’ எட்டப்பட்டன. நம் பதினொன்றாவது இலக்கு அந்த ஆறனுள் ஒன்று. உலகக் கடற்பரப்பில் அப்போது காப்புப் பெற்றிருந்தது எட்டு விழுக்காட்டிற்கும் குறைவு.

2022 திசம்பரில் மாண்ட்ரியலில் புதிய இலக்கு பிறந்தது. இம்முறை பத்து விழுக்காடு அன்று, முப்பது விழுக்காடு. ஆண்டு 2030.

2012, 2020, 2030 என்று கெடு ஒவ்வொரு முறையும் தள்ளிப்போகிறது, எண்ணோ பெரிதாகிறது. கடன் வாங்கியவர் தவணை தவறினால், “அடுத்த தவணையில் மும்மடங்கு தருகிறேன்” என்று சொன்னால் நாம் நம்புவோமா? முந்திய தவணை ஏன் தவறியது, யாரால் தவறியது என்று கேட்ட பிறகே புதிய தாளில் கையெழுத்து வாங்குவோம். நாடுகளின் அவையில் அக்கேள்வி உரக்கக் கேட்கப்படவில்லை. அவ்வுடன்படிக்கையில் தவறியவரைத் தண்டிக்கும் ஏற்பாடும் இல்லை. ஒவ்வொரு நாடும் தன் முன்னேற்றத்தைத் தானே அளந்து தானே அறிக்கை தரும். மாணவரே தேர்வெழுதி மாணவரே திருத்தும் முறை இது.

2. தொழிலின் எட்டு உறுப்புகள்

‘இலக்கு’ என்பது வில்லாளியின் சொல். அம்பு தவறினால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு நம் முன்னோர் ஒரு பழமொழியும் வைத்தனர்: எய்தவன் இருக்க அம்பை நோவானேன்? நம் காலத்து அறிக்கைகளிலோ எய்தவன் இல்லை. “இலக்கு எட்டப்படவில்லை” என்னும் வாக்கியத்தில் அம்பும் உண்டு, குறியும் உண்டு. வில்லைப் பிடித்த கை மட்டும் காணாமற் போயிருக்கிறது.

இங்கே தொல்காப்பியர் நமக்குத் துணை வருகிறார். சொல்லதிகாரத்தின் வேற்றுமை மயங்கியலில் ஒரு தொழில் நிகழ வேண்டிய காரணங்களை எட்டாக எண்ணுகிறார். தொழில் முதனிலைகள் என்று அவற்றைக் கூறுவர். வினை, அதனைச் செய்யும் வினைமுதல், செயப்படுபொருள், நிலம், காலம், கருவி ஆகிய ஆறும், இன்னாருக்காக என்பதும், இன்ன பயன் கருதி என்பதும் சேர்ந்து எட்டு. பிற்கால நன்னூலார் வினையை விளக்குமிடத்து முதல் ஆறனை மட்டும் சொன்னார். கடைசி இரண்டையும் தொல்காப்பியர் சேர்த்து எண்ணியது இன்றைய ஆட்சியியலுக்கும் பொருந்தும் நுட்பம் என்பேன்.

அய்ச்சிப் பதினொன்றாம் இலக்கை இந்த எட்டில் வைத்துப் பாருங்கள். வினை உண்டு: காத்தல். செயப்படுபொருள் உண்டு: கடல். காலம் உண்டு: 2020. வினைமுதல் இல்லை, ஆங்கில மூலமே செயப்பாட்டு வினையில்தான் அமைந்தது. மாண்ட்ரியல் இலக்கு ஏவல் வினையில் தொடங்குவது சிறிய முன்னேற்றமே. ஆனால் யாரை ஏவுகிறது என்பது அங்கும் மறைந்தே நிற்கிறது.

நிலம் அரைகுறையாக உண்டு. பல்லுயிர் வளம் சிறந்த இடங்களைக் காக்க வேண்டும், அவை ஒன்றோடொன்று தொடர்புடையனவாக இருக்க வேண்டும் என்று இலக்கு சொன்னது. நடைமுறையில் நாடுகள் பல, ஆளில்லாத தொலைகடலில் பெரும்பரப்பை வேலியிட்டு விழுக்காட்டை நிரப்பின. கப்பலும் படகும் மொய்க்கும் கரையோரக் கடல், காப்பு மிகவும் தேவைப்பட்ட கடல், பின்தங்கியது. கருவி, அதாவது சட்டம், சுற்றுக்காவற் படகு, பணியாளர், பணம் ஆகியவை ஒவ்வொரு நாட்டின் விருப்பத்திற்கு விடப்பட்டன.

இன்னாருக்காக என்பதும் பயனும் அடைச்சொற்களில் ஒடுங்கின. ‘பயனுறவும் நேர்மையாகவும் நிருவகிக்கப்பெற்ற’ பகுதிகளே கணக்கில் சேர வேண்டும் என்பது இலக்கின் உரை. ஆனால் எண்ணை அளப்பது எளிது. அடைமொழியை அளப்பது அரிது. ஆகவே பத்து என்ற எண் மேடையேறியது; நேர்மை என்ற சொல் படியிலேயே நின்றுவிட்டது. வரைபடத்தில் மட்டும் வாழும் காப்புப் பகுதிகள் உலகெங்கும் தோன்றியதற்கு இதுவும் ஒரு காரணம். தலைமுறை தலைமுறையாகச் சிறுவலை வீசியவர் வெளியேற்றப்பட, இழுவைப் படகுகள் இரவில் நுழைந்து போகும் இடமும் புள்ளிவிவரத்தில் ‘காக்கப்பட்ட’ கடல்தான்.

3. அடைப்புக்குறிக்குள் ஆமைகள்

நம் நாட்டிற்கு வருவோம். தீவகற்பத்திலும் லாபுவானிலும் 42 தீவுகளைச் சுற்றிக் கடற்பூங்காக்கள் உள்ளன. 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம் அவற்றிற்கு அடிப்படை. பெரும்பாலும் தாழ்நீர்க் கோட்டிலிருந்து இரண்டு கடல் மைல் தொலைவு வரை காப்புண்டு. ரெடாங், பெர்ஹெந்தியான், தியோமான், பாயார் முதலிய பெயர்கள் விடுமுறைக்குச் செல்லும் எல்லார்க்கும் தெரிந்தவை.

ஆனால் நீர் கூட்டரசினுடையது. அந்நீர் தழுவும் தீவின் நிலம் மாநில அரசினுடையது. கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணைப்படி நிலம் மாநிலத்தின் அதிகாரம். தீவில் விடுதி கட்ட இசைவு தருவது ஓர் அரசு. அதன் கழிவுநீரும் மண்ணும் சென்று படியும் பவளப்பாறையைக் காப்பது வேறோர் அரசு. பாறை இறந்தால் யாரைக் கேட்பது? கடற்பூங்காக்களை நடத்தும் துறையும் ஒரே கூரையின்கீழ் இருந்ததில்லை. 2007இல் இயற்கைவள அமைச்சின்கீழ்த் தனித்துறையாயிற்று. பின்னர் மீண்டும் மீன்வளத் துறையோடு இணைந்தது. மீன்பிடிப்பை வளர்க்கும் துறையே மீன்பிடிப்பைத் தடுக்கும் பகுதிகளையும் காக்கிறது. இது தவறு என்று தீர்ப்புச் சொல்ல வரவில்லை. பொறுப்பு இடம் மாறும்போது பழைய வாக்குறுதியும் உடன் மாறிச் சென்றதா என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு என்பதே என் கருத்து.

அதே ஒன்பதாம் அட்டவணையில் மொழியியலாளன் கண்ணில் படும் அடைப்புக்குறி ஒன்று இருக்கிறது. கடல் மீன்பிடிப்பும் கழிமுக மீன்பிடிப்பும் கூட்டரசின் பட்டியலில் உள்ளன. ஆனால் அடைப்புக்குறிக்குள், ஆமைகள் நீங்கலாக என்று எழுதப்பட்டுள்ளது. ஆமைகள் மாநிலப் பட்டியலில் ஆற்று மீன்பிடிப்போடு சேர்ந்து நிற்கின்றன. ஆமை முட்டை சேகரிப்பு மாநிலங்களின் பழைய வருவாய்களுள் ஒன்று என்பதை நினைத்தால் இது விளங்கும்.

திரெங்கானுவின் ரந்தாவ் அபாங் கடற்கரையைப் பற்றி முதியோர் இன்றும் பேசுவர. முதுகில் ஓடும் வரிகளால் பெலிம்பிங் பழத்தின் பெயரையே மலாய் மொழியில் பெற்றுள்ள தோல்முதுகுக் கடலாமை, 1950களில் அங்கே ஓராண்டில் பத்தாயிரம் முறையளவு கரையேறி முட்டையிட்டது. இருபதாம் நூற்றாண்டு முடியுமுன் அத்தொகை நூற்றில் ஒன்றாகக்கூட நிற்கவில்லை. திரெங்கானுவில் ஆமைகளுக்கான சட்டம் 1951இலேயே இருந்தது. தோல்முதுகு ஆமையின் முட்டை விற்பனை 1988இல் தடுக்கப்பட்டது. அவ்வாண்டே ரந்தாவ் அபாங்கில் ஆமைக் காப்பிடமும் அமைந்தது. அம்மாநிலத்தில் எல்லா ஆமைகளின் முட்டை விற்பனையும் தடை செய்யப்பட்டது 2022 சூனில்தான். ஆமை கரையேறி மணலில் முட்டையிடும்போது மாநிலத்தின் விருந்தாளி. வலையில் சிக்கி நீருள் மூச்சடைக்கும்போது கூட்டரசு ஆளும் மீன்பிடித் தொழிலின் பலி. திறந்த பெருங்கடலில் யாருடையதும் அன்று. அடைப்புக்குறிக்குள் இருந்த இரண்டு சொற்கள் மட்டுமே அதனை அழித்துவிட்டன என்று நான் சொல்லமாட்டேன். பல பத்தாண்டு முட்டைச் சேகரிப்பும் பெருங்கடல் வலைகளும்தான் அழித்தன. ஆனால் அழிந்தபோது விடை சொல்ல வேண்டியவர் யார் என்பது அவ்வடைப்புக்குறியில் பிளவுபட்டுப் போனது.

4. சொல்லி நிகழும் தாமதமும் சொல்லாமல் நிகழும் தாமதமும்

இனி நம் பத்து விழுக்காடு. நகோயாவில் நாம் ஏற்ற ஆண்டு 2020. 2016 முதல் 2025 வரைக்கும் வகுக்கப்பெற்ற நம் தேசியப் பல்லுயிர்க் கொள்கையின் ஆறாம் இலக்கு, கடலோர, கடற்பகுதிகளில் பத்து விழுக்காட்டை 2025க்குள் காப்பது என்றது. இப்போது அப்பத்து விழுக்காடு 2030ஐ நோக்கிப் பேசப்படுகிறது. கையில் இருப்பது ஏறத்தாழ அதில் பாதி. உலகம் முப்பதைப் பேசும் ஆண்டில் நாம் பழைய பத்தையே தேடிக்கொண்டிருக்கிறோம்.

காலக்கெடு தவறுவதே குற்றம் என்று கருதிவிட வேண்டா. சபாவின் வடமுனையில், கூடாட், பிதாஸ், கோத்தா மருடு வட்டாரங்களை ஒட்டித் துன் முஸ்தாபா பூங்கா இருக்கிறது. ஐம்பதுக்கும் மேற்பட்ட தீவுகள். ஏறத்தாழ ஒன்பது இலட்சம் எக்டர் பரப்பு. சபா அரசு 2003இல் அதனை அறிவிக்க எண்ணியது. அரசிதழில் வெளிவந்தது 2016 மே மாதத்தில். பதின்மூன்று ஆண்டுகள்! ஆனால் அவ்வாண்டுகளின் பெரும்பகுதி கடலோர மக்களோடு அமர்ந்து பேசுவதில் சென்றது. எங்கே முழுத் தடை, எங்கே மரபு மீன்பிடிப்பு, எங்கே வணிக மீன்பிடிப்பு என்று வட்டங்கள் வகுக்கப்பட்டன. இத்தாமதத்திற்குக் காரணம் சொல்ல முடியும். தொல்காப்பியரின் ஏழாவது உறுப்பாகிய ‘இன்னாருக்காக’ என்பது நிறைவுபெறக் காலம் பிடித்தது என்று சொல்லலாம்.

ஆகவே என் வேறுபாடு தாமதித்தவர்க்கும் தாமதியாதவர்க்கும் இடையில் அன்று. காரணம் சொல்லித் தாமதித்தவர்க்கும், கெடுவைச் சத்தமின்றிப் பெயர்த்து நட்டவர்க்கும் இடையில்தான். எல்லைக்கல்லை இரவில் பெயர்த்து நடுவதை ஊர் பொறுக்காது. காலத்தின் எல்லைக்கல்லைப் பெயர்த்து நட்டால் மட்டும் நாம் ஏன் வாய்மூடியிருக்கிறோம்?

மொழி அதற்கு உதவுகிறது என்பதே என் வருத்தம். மலாய் மொழியின் அலுவல் நடையில் ‘டி’ என்னும் முன்னொட்டு வினையைச் செயப்பாட்டாக்கும். ‘டிலாக்சானாக்கான்’ என்றால் செயற்படுத்தப்படும். ‘டிபெர்காசாக்கான்’ என்றால் வலுப்படுத்தப்படும். செய்பவர் பெயரைச் சொல்லாமலே வாக்கியம் முழுமை பெற்றுவிடும். ஆங்கில அறிக்கைகளிலும் அதே நிலை. தமிழும் இதில் தூய்மையானதன்று. “ஆவன செய்யப்படும்”, “தக்க நடவடிக்கை எடுக்கப்படும்”, “பரிசீலிக்கப்படும்” என்பன நம் அலுவல் தமிழின் முத்திரைத் தொடர்கள். ‘படு’ என்னும் துணைவினைக்குத் துன்பப்படுதல் என்ற பொருளும் உண்டு. அரசுக்கு அது துணைவினை. மக்களுக்கு அதுவே தலைமை வினை.

செயப்படுபொருளையே செய்தது போலக் கூறும் வழக்கைத் தொல்காப்பியரும் ஏற்றார். திண்ணையை ஒருவர் மெழுக, திண்ணை மெழுகிற்று என்று சொல்கிறோம். அது வீட்டு வழக்கு. மெழுகியவர் யாரென்று வீட்டார்க்குத் தெரியும். ஆகவே சொல்ல வேண்டியதில்லை. தெரிந்ததைத் தொகுத்துக் கூறுவது இலக்கணம். தெரியக்கூடாது என்று தொகுப்பது இலக்கணத்தைக் கருவியாக்கிய ஏய்ப்பு.

5. முயல்வதா, முடிப்பதா?

இக்கேள்வியைச் சட்டத்தின் அரங்கிற்கே கொண்டுசென்ற நாடு ஒன்றைப் பார்ப்போம். ஐரோப்பிய ஒன்றியம் 2008இல் கடல்சார் உத்திக்கான நெறியாணையை இயற்றியது. உறுப்பு நாடுகள் தம் கடல்களில் ‘நல்ல சுற்றுச்சூழல் நிலையை’ 2020க்குள் அடையவோ நிலைநிறுத்தவோ வேண்டிய நடவடிக்கைகளை எடுக்க வேண்டும் என்றது. பிரித்தானியா 2010இல் அதனைத் தன் உள்நாட்டு விதிகளாக்கிக்கொண்டது. இங்கே வினைமுதல் உண்டு: துறைக்குரிய அமைச்சர். காலமும் உண்டு: 2020 திசம்பர் 31.

2019இல் அந்நாட்டு அரசே வெளியிட்ட மதிப்பீட்டில், கடலின் நிலையை அளக்கும் பதினைந்து கூறுகளுள் பதினொன்று உரிய நிலையை எட்டவில்லை. மாசுப்பொருள்கள், ஊட்டச்சத்து மிகுதி போன்றவற்றில் வெற்றி கிடைத்தது. கடற்பறவை, வணிக மீன்கள், கடலடி வாழிடம், கடற்குப்பை ஆகியவற்றில் தோல்வி. கெடு நாளும் கடந்தது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தவரை, கடமை தவறிய அரசை ஐரோப்பிய ஆணையம் நீதிமன்றத்திற்கு இழுக்கலாம். பிரித்தானியா வெளியேறியதும் அவ்விடம் வெற்றிடமானது. அதனை நிரப்ப 2021ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் சட்டம் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அலுவலகம் என்னும் அமைப்பை உருவாக்கியது. அரசின் பணத்தில் இயங்கி அரசையே விசாரிக்கும் அமைப்பு. முதலில் விவரம் கேட்கும். நிறைவில்லையேல் தவறு இன்னது என்று முடிவறிக்கை அனுப்பும். அதற்கும் இணங்காவிட்டால் உயர் நீதிமன்றத்திற்குச் செல்லலாம். தண்டம் விதிக்கும் அதிகாரம் அதற்கில்லை. ஆயினும், கழிவுநீர்க் கால்வாய்களிலிருந்து ஆற்றிலும் கடலிலும் கழிவு கலப்பதைக் கட்டுப்படுத்துவதில் அமைச்சும் இரு ஒழுங்காற்று அமைப்புகளும் சட்டக் கடமை தவறின என்று 2024 திசம்பரில் பெயர் சொல்லி அறிவித்தது. கடலின் 2020 கெடு தவறியதைப் பற்றியும் அது விசாரணை தொடங்கியது.

அவ்விசாரணையின் கரு ஒரு தொடரின் பொருள். ‘அடைய வேண்டிய நடவடிக்கைகளை எடுக்க வேண்டும்’ என்றால் கடமை எது? நடவடிக்கை எடுப்பதா, அடைவதா? நடவடிக்கை எடுத்தேன், அடைய இயலவில்லை என்றால் கடமை நிறைவேறியதா? முயற்சியைக் கட்டளையிடும் வினையும் முடிவைக் கட்டளையிடும் வினையும் ஒரே தொடரில் பின்னிக் கிடக்கின்றன. பல்லுயிர் உடன்படிக்கையோ இயன்ற அளவு, பொருத்தமான அளவு என்னும் அடைகளைத் தன் முதன்மை விதிகளில் வைத்துக் கடமையை இன்னும் நெகிழ்த்திவிட்டது. இயன்றது எவ்வளவு என்பதை முடிவு செய்பவர் கடமைப்பட்டவரே என்றால், அக்கடமையின் எடை என்ன?

மறுப்புரை ஒன்று உண்டு. அதற்கும் இடம் தர வேண்டும். தவறினால் நீதிமன்றம் என்றால் எந்த அரசும் உயர்ந்த இலக்கை வைக்காது. எளிய இலக்கை வைத்து எளிதில் வெல்லும் என்பர். கடல் வெப்பமாவதைத் தனியொரு நாடு தடுக்க முடியாது என்றும் சொல்வர். 2024இல் உலகின் நான்காவது பெரும் பவள வெளுப்பு அறிவிக்கப்பட்டதை நினைத்தால் இரண்டாவது வாதத்தை ஒதுக்க இயலாது. ஆனால் விடைகூறும் கடமை தண்டனையோடு தொடங்குவதன்று, விளக்கத்தோடு தொடங்குவது. கடல் வெப்பத்தால் இறந்த பவளம் எவ்வளவு, கழிவுநீராலும் நங்கூரத்தாலும் இறந்தது எவ்வளவு என்று பிரித்துச் சொன்னால் போதும். எந்தப் பகுதிக்கு யார் பொறுப்பு என்பது தானே வெளிப்படும். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைப்பதைத்தான் ஏற்க இயலாது.

6. நாம் செய்ய வேண்டுவது

‘பொறு’ என்னும் வேரிலிருந்து தமிழில் இரண்டு பொருள்கள் கிளைத்தன. சுமத்தல் ஒன்று, மன்னித்தல் மற்றொன்று. பொறுப்பு என்பது சுமத்தலிலிருந்து வந்தது. பொறுமை இரண்டையும் தாங்கியது. அரசு சுமக்கும்போது மக்கள் பொறுப்பது ஆட்சியின் இயல்பு. அரசு சுமக்க மறுக்கும்போதும் மக்கள் பொறுத்துக்கொண்டே இருந்தால், வேர்ச்சொல்லின் ஒரு கிளை பட்டுப்போகும்.

ஆகவே இப்பேரவையின் வழியாக மூன்று வேண்டுகோள்கள் வைக்கிறேன்.

முதலாவது, மொழிபெயர்ப்பாளர்க்கும் இதழாளர்க்கும். அரசறிக்கையைத் தமிழாக்கும்போது எழுவாய் இல்லாத இலக்கைக் கண்டால் அதனை அழகுத் தமிழால் மூடிவிடாதீர்கள். மூலத்தில் இல்லாததைச் சேர்க்க நமக்கு உரிமையில்லை. ஆனால் “இதனைச் செய்யும் துறை எதுவென அறிக்கை குறிப்பிடவில்லை” என்று ஒரு வரி சேர்க்கலாம். நான் அன்று அதனைச் செய்யவில்லை. அத்துண்டறிக்கையின் குறை மூலத்தினுடையது மட்டுமன்று, என்னுடையதும்தான்.

இரண்டாவது, ஆசிரியர்க்கு. செய்வினை, செயப்பாட்டுவினைப் பயிற்சியைக் “கண்ணன் பாடம் படித்தான்” என்னும் வாக்கியத்தோடு நிறுத்த வேண்டா. நாளிதழ்ச் செய்தி ஒன்றைத் தந்து, அதன் செயப்பாட்டு வாக்கியங்களைச் செய்வினையாக மாற்றச் சொல்லுங்கள். எழுவாய் கிடைக்காத இடத்தில் மாணவர் கோடிட்டுக் காட்டட்டும். அந்தக் கோடுகளே அவர்களுக்குக் குடிமையியல் பாடமாகும்.

மூன்றாவது, நம் எல்லார்க்கும். அடுத்த முறை ‘2030க்குள்’ என்று தொடங்கும் அறிவிப்பைக் கேட்கும்போது தொல்காப்பியரின் எட்டையும் விரல்விட்டு எண்ணுங்கள். என்ன செய்வர், யார் செய்வர், எதனை, எங்கே, எப்போது, எதனைக் கொண்டு, யாருக்காக, என்ன பயனுக்காக? எட்டில் எது குறைகிறதோ அதனைத் தொகுதி உறுப்பினரிடம் எழுதிக் கேளுங்கள். ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் எண் சொல்லப்பட வேண்டும்; கெடு தவறினால் தவறிய அன்றே காரணம் சொல்லப்பட வேண்டும்; கெடுவை மாற்றினால் பழைய கெடுவும் புதிய கெடுவின் அருகில் அச்சாக வேண்டும். இவற்றிற்குப் பெரும்பணம் தேவையில்லை.

நம் காப்பியத்தில் ஓர் அரசனை அறிவோம். தீர்ப்புத் தவறிவிட்டதை ஒரு பெண்ணின் சிலம்பு உடைந்தபோது உணர்ந்தவன். காவலர் தவறிழைத்தனர் என்றோ, பொற்கொல்லன் ஏமாற்றினான் என்றோ, தவறு நேர்ந்துவிட்டது என்றோ பாண்டியன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒவ்வொன்றும் ஓரளவு உண்மையாகவே இருந்திருக்கும். அவன் தன்மை ஒருமையில் தன்னையே எழுவாயாக்கினான். அவன் போல உயிர்விட வேண்டும் என்று இன்றைய அமைச்சரை யாரும் கேட்கவில்லை. அந்த எழுவாயை மட்டும் கேட்கிறோம்.

அந்த மீன்சந்தை அம்மையாரை மீண்டும் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டவில்லை. கிட்டினால், என் துண்டறிக்கையின் கடைசி வரியை அடித்துவிட்டு இப்படித் திருத்தித் தருவேன்: “நம் கடற்பரப்பில் பத்து விழுக்காட்டைக் காப்பதாக அரசு வாக்களித்தது. 2020இல் காக்கவில்லை. ஏன் என்று இன்னும் சொல்லவில்லை. நாம் கேட்க வேண்டும்.” இவ்வாக்கியங்கள் ஒவ்வொன்றிலும் வினைமுதல் உண்டு. கடைசி வாக்கியத்தின் வினைமுதல் நாம்.